மல்லிப்பேணிக்குள் இருந்த விடைகள்

அன்று எங்கள் முற்றத்தில் இருந்தவர்கள் ஒன்பது பேர். புதிதாகத் திறந்த பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியர், எங்களிடம் இருந்த ஒரேயொரு கதிரையில். அவருடைய உதவியாசிரியர், மடியில் பெயர் பதியும் இடாப்பை வைத்துக்கொண்டு ஒரு விறகுக்குற்றியில். என் கணவர், வெளியாட்கள் வந்தார்கள் என்று தோளில் சால்வை போட்டுக்கொண்டு, நின்றபடி. உறைமோர் வாங்க வந்து, வாங்கியபிறகும் போகாமல் நின்ற பக்கத்துக் காணிக்காரி. சாக்கு விரிப்பில் என் பிள்ளைகள் நால்வர்: பத்து வயது முடிந்த மூத்தவள், எட்டு வயது இளையவள், ஏழு வயதுப் பெடியன், ஐந்து வயதுக் கடைக்குட்டி. ஒன்பதாவது ஆள் நான். குசினி வாசலில், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு.

ஆட்களை இப்படி எண்ணிச் சொல்வது என் பழக்கம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் இருந்து வட்டக்கச்சிக் கொலனிக்கு, அரசாங்கக் குடியேற்றக் காணி கிடைத்து வந்த முதல் மாதத்திலேயே அந்தப் பழக்கம் பிடித்துவிட்டது. காலையில் ஒருதரம், மத்தியானம் ஒருதரம், விளக்கு வைக்கும்போது ஒருதரம் பிள்ளைகளை எண்ணுவேன். நான்கு வந்தால்தான் மூச்சு வரும். நாங்கள் வந்து பதினைந்து நாள்கூட ஆகாத ஒரு நாள், பக்கத்துக் காணிக்காரியின் மகன் வாய்க்காலில் வழுக்கி விழுந்துவிட்டான். மதகுக்குள் இழுபடப் போனவனை ஒருவர் தலைமயிரில் பிடித்துத் தூக்கினார். பிள்ளைக்கு ஒன்றுமில்லை. அடுத்த நாளே அதே வாய்க்காலைத் தாண்டி, இரண்டரை மைல் தள்ளியிருந்த பழைய பள்ளிக்கூடத்துக்கு அவள் அவனை அனுப்பினாள். என்னால் முடியவில்லை. வாய்க்காலுக்கு மேலே போட்டிருந்தது இரண்டு மரக்குற்றி. அதற்கு அப்பால் காடு. காட்டில் யானைத் தடம் இருப்பதை நானே கண்டிருந்தேன்.

"நான் வீட்டில வைச்சுப் படிப்பிக்கிறன்" என்று கணவரிடம் சொன்னேன்.

"உம்மாலை ஏலுமோ?"

"ஏன் ஏலாது? அஞ்சாம் வகுப்புக்குப் போனனான்தானே."

அவர் இரண்டாம் வகுப்போடு மாட்டுக்குப் பின்னால் போனவர். ஐந்தாம் வகுப்பு என்றால் அவருக்குப் பெரிய படிப்பு. சரி என்றார். நான் ஐந்தாம் வகுப்புக்குப் போனது உண்மை. பாதியில் பெரியபிள்ளையாகி, சாமத்தியப்பட்டுவிட்டேன். தண்ணீர் வார்த்து வீட்டில் வைத்ததோடு படிப்பு நின்றது. அடுத்த கிழமை பின்னக் கணக்கு தொடங்குவதாக எங்கள் வாத்தியார் சொல்லியிருந்தார். அந்த அடுத்த கிழமை எனக்கு வரவில்லை. இதைக் கணவரிடம் நான் சொல்லவில்லை. பொய் சொல்லவில்லை, சொல்லாமல் விட்டேன் என்று அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இரண்டு சிலேட்டு, நான்கு பிள்ளை. மூத்ததும் இளையதும் எழுதும்போது பெடியன்கள் வாய்ப்பாடு சொல்வார்கள். பிறகு சிலேட்டு கை மாறும். கறி தாளித்துக்கொண்டே 'சொல்வதெழுதல்' சொல்லுவேன். குசினிக்குள் இருந்து நான் ஒரு வசனம் சொன்னால் விறாந்தையில் இருந்து இளையவள் கத்துவாள்: "அம்மா, கடுகு வெடிச்சதில கடைசிச் சொல்லுக் கேக்கேல்லை!" கடைக்குட்டிக்கு மணலில் 'அ' எழுதக் கற்பித்தேன். அவன் 'அ' எழுதி, அதற்குக் கால் வைத்து, வால் வைத்து, "இது எங்கட நாம்பன் மாடு" என்பான். எனக்குச் சிரிப்பு வரும். சிரித்தால் பயம் விட்டுப்போகும் என்று சிரிக்காமல் இருப்பேன். அந்த நாட்கள் எல்லாம் கெட்ட நாட்கள் என்று சொன்னால் அது பொய். தமிழ் வாசிப்பில், கூட்டல் கழித்தலில், என் பிள்ளைகள் ஒருவருக்கும் குறைந்தவர்களாக இருக்கவில்லை.

மூத்தவள்தான் என்னைத் தாண்டிப் போனாள்.

கணவரின் தமையனார் யாழ்ப்பாணத்தில் இருந்து ஒரு பழைய எண்கணிதப் புத்தகம் கொண்டுவந்து தந்தார். அதை அவள் குப்புறப் படுத்துக்கொண்டு, கதைப்புத்தகம் வாசிப்பதுபோல வாசித்தாள். முன்னால் செய்து காட்டியிருந்த கணக்கைப் பார்த்து, பின்னால் கேட்டிருந்த கணக்கைத் தானே செய்தாள். ஒரு கிழமையில் பின்னத்துக்கு வந்துவிட்டாள். சிலேட்டைக் கொண்டுவந்து நீட்டி, "சரியோ அம்மா?" என்று கேட்டாள். கோடு ஒன்று, கோட்டுக்கு மேலே ஒரு எண், கீழே ஒரு எண். எனக்குக் கண் இருட்டியது.

"வைச்சிட்டுப் போ, பிறகு பாக்கிறன்."

புத்தகத்தின் கடைசியில் எல்லாப் பயிற்சிக்கும் விடை இருந்தது. அன்று மத்தியானம் பிள்ளைகள் கிணற்றடியில் நின்ற நேரம் அந்தப் பக்கங்களைக் கத்தியால் வெட்டி எடுத்தேன். குசினிச் சுவர்த் தட்டில் கொத்தமல்லி போட்டுவைக்கும் தகரப் பேணிக்குள் மடித்து வைத்தேன். அதற்குப் பிறகு யாராவது சிலேட்டைக் கொண்டுவந்தால், "பொறு, அடுப்பைப் பாத்திட்டு வாறன்" என்று உள்ளே போவேன். பேணியைத் திறப்பேன், பார்ப்பேன், வெளியே வந்து சரி போடுவேன், பிழை போடுவேன். கணவர் ஒருநாள் இதைப் பார்த்து நின்றார். "அடுப்படிக்குப் போய் வாறதுக்குள்ள மனக்கணக்காப் போட்டுப்போடுறா" என்று வாசலில் நின்ற யாருக்கோ சொன்னார். எனக்குக் காது சுட்டது.

மாரி தொடங்கியபோது கறையான் வந்தது. தட்டில் ஏறி, பேணியின் மூடி இடுக்கால் உள்ளே போய், விடைப் பக்கங்களின் மேல் ஓரத்தைத் தின்றுவிட்டது. 'பயிற்சி' என்று எண் போட்டிருந்த இடம்தான் போனது. விடைகள் இருந்தன, எந்தப் பயிற்சியின் விடை என்பது இல்லை. முன்பு பார்த்த இடத்தில் இருந்து எண்ணிப் பிடித்தேன். எண்ணுவதில் எனக்கு நம்பிக்கை இருந்தது. ஒரு பயிற்சி தள்ளி எண்ணிவிட்டேன் என்பது எனக்குத் தெரியாது.

அன்றிலிருந்து மூத்தவள் செய்த கணக்கு எல்லாம் பிழையானது. பத்தும் பிழை. அடுத்த நாளும் பத்தும் பிழை.

"இல்லை அம்மா, இது சரி. திருப்பியும் செய்து பாத்தனான்."

"சரியெண்டு நீ சொன்னாச் சரியோ? திருப்பிச் செய்."

"மூண்டுதரம் செய்திட்டன்."

"வாய் காட்டாதை. நாலாந்தரம் செய்."

பெடியன் அவளுக்குப் 'பிழைக்காரி' என்று பெயர் வைத்தான். கடைக்குட்டியும் அதைப் பிடித்துக்கொண்டான். ஒருநாள் அவள் சிலேட்டை நிலத்தில் வைத்துவிட்டு, "நான் செய்யமாட்டன்" என்றாள். நான் அகப்பைக் காம்பால் அவள் முழங்கைக்குக் கீழே இரண்டு போட்டேன். அவள் அழவில்லை. "அப்ப விடையைச் சொல்லுங்கோ" என்றாள். சொன்னேன். அதை எழுதினாள். சரி போட்டேன். மூன்று கிழமை இப்படிப் போனது. மூன்றாம் கிழமை அவள் வழி காட்டாமல் நேரே விடையைக் கேட்டு எழுதும் நிலைக்கு வந்துவிட்டாள். எனக்கு அது நிம்மதியாக இருந்தது. வீட்டில் சத்தம் இல்லை என்று நினைத்தேன்.

அந்த நிலையில்தான் எங்கள் பக்கத்து வாய்க்கால் கரையில், பாலம் தாண்டாமல் போகக்கூடியதாக, புதிய பள்ளிக்கூடம் திறந்தது. தலைமையாசிரியர் பிள்ளைகளைப் பதிய வீடு வீடாக வந்தார். அப்படித்தான் நாங்கள் ஒன்பது பேரும் முற்றத்தில் நின்றோம்.

"ஆர் இவ்வளவு காலமும் படிப்பிச்சது?"

"என்ர மனிசிதான், ஐயா" என்றார் கணவர். "நாலு பேருக்கும் அவாதான். மூத்தவள் பின்னமெல்லாம் செய்வாள். அவளை அஞ்சாம் வகுப்பில எடுங்கோ. ஸ்கொலசிப் சோதனைக்கு விடவேணும்."

தலைமையாசிரியர் மூத்தவளின் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தைப் பார்த்தார். விரல் விட்டு எண்ணினார். "வயசுக் கணக்குப்படி வாற வருசம் ஒருக்காத்தான் இவ எழுதலாம். அதுக்கு இப்பவே அஞ்சில இருக்கவேணும். சித்தியடைஞ்சா விடுதிச் செலவு, புத்தகச் செலவு எல்லாம் அரசாங்கம் பாக்கும். ஆனா இடாப்பில முந்தி எங்கையும் இல்லாத பிள்ளை. கணக்குப் பாத்துத்தான் எடுக்கலாம்."

"பாருங்கோ ஐயா, வடிவாப் பாருங்கோ" என்றார் கணவர். அவர் குரலில் இருந்த பெருமையை இப்போது நினைத்தாலும் எனக்கு எங்காவது போய் ஒளிக்கவேண்டும்போல இருக்கும்.

பக்கத்துக் காணிக்காரி என் பக்கம் திரும்பினாள். "நாங்கள் எங்கட பிள்ளையளைக் காட்டுக்குள்ளால அனுப்பினனாங்கள். நீங்கள் ரீச்சரம்மா எல்லோ அக்கா. இண்டைக்குத் தெரியும்."

இளையவளை வாசிக்கச் சொன்னார். வாசித்தாள். மூன்றாம் வகுப்பு என்று உதவியாசிரியர் எழுதினார். பெடியன் பதின்மூன்றாம் வாய்ப்பாடு மூச்சு விடாமல் சொன்னான். கடைக்குட்டி மணலில் 'அ' எழுதி வால் வைத்தான், எல்லோரும் சிரித்தார்கள். எல்லாம் நன்றாகப் போனது. நான் கதவு நிலையைக் கொஞ்சம் விட்டேன்.

தலைமையாசிரியர் எண்கணிதப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். "இது செய்து முடிச்ச பாடமோ, பிள்ளை?"

"ஓம்."

"அப்ப இந்த ஏழாவது கணக்கைச் செய். ஒருவன் தன்ர நெல்லில மூண்டில ஒரு பங்கை வித்தான். மிச்சத்தில நாலில ஒரு பங்கை விதைக்கு வைச்சான். மிகுதி பதினெட்டுப் புசல். முதல் எத்தினை புசல் இருந்தது?"

அவள் குனிந்து எழுதினாள். பென்சில் நிற்கவேயில்லை. தலைமையாசிரியர் அந்த நேரம் கடைக்குட்டியின் வாலைப் பற்றி உதவியாசிரியருக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவள் சிலேட்டில் முப்பத்தாறு என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டதை நான் கண்டேன். பிறகு அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். உள்ளங்கையால் முப்பத்தாறை அழித்தாள். ஐம்பத்துநான்கு என்று எழுதினாள். அது நான் சொல்லிக்கொடுத்த விடை.

தலைமையாசிரியர் சிலேட்டை வாங்கிப் பார்த்தார். "அம்பத்துநாலோ? எப்பிடி வந்தது? வழியைச் சொல்லு பாப்பம்."

அவள் சாக்கின் நுனியைச் சுருட்டினாள்.

"சரி, எட்டாவதைச் செய்."

அதிலும் அப்படியே செய்தாள். எழுதினாள், அழித்தாள், வேறு எழுதினாள்.

"பிள்ளை ஆரோ சொன்னதைப் பாடமாக்கி வைச்சிருக்குப் போல" என்றார் அவர், மெல்லமாக. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். வெட்டின தழும்பில் விரலை வைத்தார். "விடைப் பக்கம் எங்கை?"

யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகவே முந்திக்கொண்டு சொன்னேன். "பிள்ளையள் கிழிச்சுப்போட்டுதுகள், ஐயா."

"நான் கிழிக்கேல்லை" என்றான் கடைக்குட்டி உடனே.

"நானும் இல்லை" என்றான் பெடியன். இளையவள் தமக்கையைப் பார்த்தாள். தலைமையாசிரியரும் மூத்தவளைத்தான் பார்த்தார். அவர் என்ன நினைத்தார் என்பது எல்லோருக்கும் விளங்கியது. பிள்ளை விடையைக் கிழித்து எடுத்து, பாடமாக்கி, அதையும் பிழையாகப் பாடமாக்கியிருக்கிறது.

அப்போதுகூட எனக்கு நேரம் இருந்தது. "ஐயா, அவள் முதல் எழுதினது வேறை" என்று சொல்லியிருக்கலாம். முப்பத்தாறு சரியோ பிழையோ எனக்குத் தெரியாது. ஆனால் கண்டது கண்டதுதானே. நான் அடுப்பைப் பார்த்தேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை.

"நான்தான் பிழையாச் செய்திட்டன்" என்றாள் மூத்தவள்.

"பரவாயில்லை மோனை" என்றார் தலைமையாசிரியர். அவர் நல்ல மனிதர். "தங்கச்சியோட மூண்டாம் வகுப்பில இரு. அடியில இருந்து வடிவாப் படிக்கலாம்." உதவியாசிரியர் எழுதினார். காணிக்காரி மோர்ச்சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, "சரி அக்கா, வாறன்" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும். கணவர் சால்வையைத் தோளில் இருந்து எடுத்து மடித்தார். "ஏன் பிள்ளை இப்பிடிச் செய்தனி?" என்று மூத்தவளைக் கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் வயலுக்குப் போனார்.

நான் குசினிக்குள் போய்ப் பேணியைத் திறந்தேன். ஏழாவது, ஏழாவது என்று மேலே தேடிக்கொண்டு போனேன். நான் பார்த்து வந்த இடத்துக்கு ஒரு பயிற்சி மேலே, ஏழுக்கு எதிரே, முப்பத்தாறு இருந்தது. அந்த வரிசை முழுவதையும் பார்த்தேன். மூன்று கிழமையாக அவள் கொண்டுவந்து நீட்டி, நான் பிழை என்று சொன்ன எண்கள் ஒவ்வொன்றாக அங்கே இருந்தன.

தலைமையாசிரியர் தூரம் போகவில்லை. காணிக்காரியின் வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். அவருடைய குரல் வேலிக்கு இந்தப் பக்கம் கேட்டது. ஐம்பது அடி இருக்கும். இந்தக் கடதாசியை எடுத்துக்கொண்டு போனால் போதும். போனால் காணிக்காரிக்குத் தெரியும், கொலனி முழுவதும் தெரியும், மனக்கணக்காகப் போடுகிற மனிசிக்குப் பின்னமே தெரியாது என்று கணவருக்குத் தெரியும். வேலிப் படலை வரைக்கும் போனேன். படலையில் கை வைத்தேன். திரும்பி வந்து கடதாசியை அடுப்புக்குள் வைத்து நெருப்பு மூட்டினேன். மூத்தவள் தண்ணீர் குடிக்க வந்தாள். எரிவதைப் பார்த்தாள். செம்பில் தண்ணீரை வார்த்துக் குடித்துவிட்டுப் போனாள்.

அவள் தங்கையோடு ஒரே வாங்குப் பலகையில் மூன்றாம் வகுப்பில் இருந்தாள். அடுத்த ஆண்டு முடிவில் தலைமையாசிரியர் ஒரு வகுப்புத் தூக்கிவிட்டார். "இது கெட்டிக்காரப் பிள்ளை எல்லோ, அண்டைக்கு என்ன நடந்தது?" என்று கணவரிடம் கேட்டாராம். ஆனால் அதற்குள் சோதனை எழுதும் வயது கடந்துவிட்டது. எட்டாம் வகுப்பு வரை எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தாள். அதற்கு மேலே படிக்க வெளியே விடுதியில் விடவேண்டும். வெள்ளாமை இரண்டு போகம் பொய்த்துப்போன காலம். கையில் இல்லை. அவள் தையல் மெசினில் இருந்தாள். சட்டை தைத்தாள், பாவாடை தைத்தாள், கொலனியில் அரைவாசிப் பிள்ளைகள் அவள் தைத்த வெள்ளைச் சட்டையோடுதான் பள்ளிக்கூடம் போனார்கள்.

பெடியன் தன் முறை வந்தபோது சோதனை எழுதினான், சித்தியடையவில்லை. ஆனாலும் அவன் மேலே படிக்கவேண்டும் என்று கணவர் நின்றார். யாழ்ப்பாணத்தில் ஒரு விடுதியில் விட்டோம். அவனுடைய முதல் வருட விடுதிச் செலவுக்கு நானூற்று இருபது ரூபா மூத்தவளின் தையற்காசில் இருந்து எடுத்தோம். அவளே எடுத்துத் தந்தாள். "கடன்தான் மோனை, திருப்பித் தருவன்" என்று வாங்கினேன்.

அரசாங்கம் தன் காசில் படிப்பித்திருக்கவேண்டிய பிள்ளை, தம்பியைத் தன் காசில் படிப்பித்தாள். இந்த நினைப்பு என்னைச் சாப்பிட விடவில்லை. ஒருநாள் பின்னேரம் அவள் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் இருந்தேன். அன்று நடந்ததை, விடைப் பக்கத்தை, கறையானை, எல்லாவற்றையும் தொடக்கத்தில் இருந்து சொன்னேன். அவள் நூலைப் பல்லால் கடித்தாள்.

"எனக்குத் தெரியும் அம்மா."

"என்ன தெரியும்?"

"மல்லிப்பேணிக்குள்ள கிடந்தது தெரியும். ரசத்துக்கு மல்லி எடுக்க என்னைத்தானே விடுறனீங்கள். ஒரு பயிற்சி தள்ளிப் பாக்கிறியள் எண்டும் தெரியும்."

"தெரிஞ்சோ அடி வாங்கினனி?"

"அடி வாங்கேக்க தெரியாது. பிறகுதான் கண்டனான்."

"அண்டைக்கு ஏன் பிள்ளை அழிச்சனி? சரியைச் சரியெண்டு எழுதியிருக்கலாமே."

அவள் பொத்தானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நான் சரியா எழுதினா, முந்தி ஆர் பிழை சொல்லித் தந்ததெண்டு வாத்தியார் கேப்பார். அப்பா அவ்வளவு பேருக்கு முன்னால உங்களைப் பற்றிச் சொல்லிப்போட்டு நிண்டவர். எனக்குப் பத்து வயசு அம்மா. ஸ்கொலசிப் எண்டா என்னெண்டு எனக்கு என்ன தெரியும்?"

பிறகு சிரித்தாள். "விடுங்கோ. இப்ப ஏன் அழுறியள்? ரீச்சரம்மா அழலாமோ?"

பக்கத்துக் காணிக்காரி சொன்னபோது சுட்ட சொல் அது. மூத்தவள் சொன்னபோது சுடவில்லை. அதுதான் கூடுதலாக வெட்கமாக இருந்தது. அவளுடைய அப்பாவுக்கு மட்டும் இன்றுவரை நான் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று ஒவ்வொரு கிழமையும் நினைக்கிறேன். அவர் இருமும்போது, இன்றைக்கு வேண்டாம், சுகமாகட்டும் என்று தள்ளிவைக்கிறேன்.

காசை மட்டும் கொடுத்துக்கொண்டு வருகிறேன். முட்டை விற்ற காசு, மிளகாய் விற்ற காசு. அவள் இப்போது கலியாணம் முடித்து முள்ளியவளையில் இருக்கிறாள். பஸ் ஏறிப் போய்க் கையில் கொடுப்பேன். "உங்களுக்கு வேறை வேலை இல்லையோ அம்மா" என்பாள். ஒருதரம் வாங்கமாட்டேன் என்று மறுத்து, நான் எழும்பிப் பஸ்ஸுக்கு நடக்கத் தொடங்கியபிறகு ஓடிவந்து வாங்கினாள். அவளுடைய மனிசன் அதைப் பார்த்து, "மாமி, வட்டியும் போட்டுத் தாங்கோ" என்று பகிடி விட்டார். போன சித்திரையில் எண்பத்தைந்து, ஆடியில் அறுபது, மார்கழியில் நாற்பது கொடுத்திருக்கிறேன். இன்னும் இருநூற்று முப்பத்தைந்து ரூபா கொடுக்க இருக்கிறது.